ஹாய் வான் கணவாயில் ஜீப் பயணம்: எந்தப் பக்கமிருந்து, எந்த மாதம், எப்படிப்பட்ட வண்டியில்?

கேள்வி: வியட்நாமில் டா நாங்குக்கும் ஹுவேக்கும் நடுவே இருக்கும் ஹாய் வான் கணவாயைப் பழைய ராணுவ ஜீப்பில், வழிகாட்டியோடு கடக்க நினைக்கிறோம். பெரியவர்கள் இருவர், பிள்ளைகள் இருவர். எந்த ஊரிலிருந்து கிளம்புவது? எந்த மாதம் நல்லது? பணம் கட்டுவதற்கு முன் என்னென்ன கேட்டுக்கொள்ள வேண்டும்?

பதில்:

முதலில் ஒரு கணக்கு. கணவாய்ச் சாலை மொத்தமே சுமார் 21 கிலோமீட்டர். உச்சி 496 மீட்டர் உயரம். எங்கும் நிற்காமல் போனால் முக்கால் மணி நேரத்தில் ஏறி இறங்கிவிடலாம். ‘முழு நாள் ஜீப் பயணம்’ என்று விற்கப்படுவதில் மீதி நேரமெல்லாம் சமவெளி நெடுஞ்சாலைக்கும், இடையில் நிறுத்திக் காட்டும் இடங்களுக்கும் போகிறது. அதனால் பட்டியலில் எத்தனை இடம் இருக்கிறது என்று எண்ணிப் பார்த்துப் பணம் கட்டாதீர்கள். கணவாய்க்கு மட்டும் இரண்டு மணி நேரமாவது ஒதுக்குகிறார்களா, மேகம் மூடினால் நேரத்தை மாற்றித் தருவார்களா, வண்டியின் பிரேக்கும் அதை ஓட்டுபவரும் எப்படி என்ற மூன்றைத்தான் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். பயணம் அமைவதும் கெடுவதும் இவற்றில்தான்.

இந்தச் சாலையில் திறந்த ஜீப்பில் நிம்மதியாகப் போக முடிவதற்கே ஒரு காரணம் உண்டு. 2005 ஜூன் வரை நாட்டின் வடக்கு-தெற்குச் சாலைப் போக்குவரத்தில் பெரும்பகுதி இந்த வளைவுகளில்தான் ஊர்ந்தது. அந்த மாதம் மலைக்கு அடியில் 6.28 கி.மீ. நீளச் சுரங்கப்பாதை திறக்கப்பட்டது. பேருந்தும் லாரியும் அதற்குள் போய்விட்டன. சுரங்கத்துக்குள் அனுமதி இல்லாதவை மட்டும் மேலே மிச்சம்: மோட்டார் சைக்கிள், சைக்கிள், எரிபொருள் டேங்கர், கால்நடை ஏற்றிய லாரி. சாலை காலியாக இருக்கிறது என்று யாரும் அசட்டையாக இருந்துவிடக் கூடாது என்பதற்காகத்தான் இதைச் சொல்கிறேன். எப்போதாவது வரும் வண்டி டேங்கராக இருக்கும். கொண்டை ஊசி வளைவில் அதற்குச் சாலையின் முழு அகலமும் வேண்டும். படம் எடுக்க வளைவின் நடுவில் போய் நிற்பது இங்கே மிக ஆபத்தான பழக்கம். ஓட்டுநர் ஒதுக்கி நிறுத்தும் அகலமான ஓரங்களே போதும். காட்சி அங்கிருந்துதான் நன்றாகத் தெரியும்.

இனி திசை. என் பரிந்துரை தெற்கே இருக்கும் டா நாங்கிலிருந்து வடக்கே ஹுவே. வியட்நாமில் வண்டிகள் வலப்பக்கம் போகும். வடக்கு நோக்கி ஏறும்போது கடல் உங்கள் வலப்பக்கம், அதாவது உங்கள் தடத்தை ஒட்டியே இருக்கும். நினைத்த இடத்தில் எதிர்த்தடத்தைக் குறுக்கே கடக்காமல் ஒதுங்கி நிற்கலாம். ஹுவேயிலிருந்து வந்தால் மலைச்சுவரை ஒட்டிய தடம் உங்களுடையது. ஒவ்வொரு நிறுத்தத்துக்கும் வளைவுக்கு அருகே சாலையைக் குறுக்கே கடக்க வேண்டிவரும். நேரக் கணக்கும் டா நாங்குக்கே சாதகம். ஊர் மையத்திலிருந்து உச்சி சுமார் 30 கி.மீ.தான். காலை ஏழு மணிக்குக் கிளம்பினால் எட்டரை மணிக்கெல்லாம் மேலே இருக்கலாம். சுற்றுலாக் கூட்டமும் வெயிலும் அதற்குப் பிறகுதான் வரும். ஹுவேயிலிருந்து கிளம்பினால் இடையில் சமவெளி நீளம் அதிகம். வழியில் சாப்பிட்டுவிட்டு உச்சிக்கு வரும்போது நடுப்பகல் ஆகிவிடும். அப்போது கடல்மேல் வெண்மையாக ஒரு மங்கல் படர்ந்து, தூரத்து வளைகுடா தெளிவில்லாமல் போகும்.

டா நாங்குக்குத் தெற்கே இருக்கும் ஹோய் ஆனில் தங்கியிருப்பவர்களுக்கு ஒரு சிறு யோசனை. அங்கிருந்து டா நாங் வரை 30 கி.மீ. நகரச் சாலை. திறந்த ஜீப்பில் அந்தத் தூரம் புகையும் இரைச்சலும் மட்டுமே. டா நாங் வரை காரில் கொண்டுவந்து, மலை அடிவாரத்தில் ஜீப்புக்கு மாற்றிவிடச் சொல்லிக் கேளுங்கள்.

மாதம் பற்றிப் பேசும்போது மலையைப் பற்றியும் பேச வேண்டும். ட்ரூவோங் சோன் மலைத்தொடரின் ஒரு கிளை பாக் மா மலையிலிருந்து நேராகக் கிழக்கே ஓடிக் கடலில் இறங்குகிறது. அந்தக் கிளையின் முதுகுதான் இந்தக் கணவாய். குளிர்கால வடகிழக்குக் காற்றுக்கு இது ஒரு மதில். வடக்கே ஹுவே பக்கம் தூறலும் குளிருமாக இருக்கும் அதே நேரத்தில், தெற்கே டா நாங்கில் வெயில் அடித்துக்கொண்டிருக்கும். கடல் காற்று ஈரத்தோடு சரிவில் ஏறி, மேலே குளிர்ந்து, மேகமாகி உச்சியிலேயே தங்கிவிடுகிறது. ஹாய் என்றால் கடல், வான் என்றால் மேகம். பெயர் வைத்தவர்கள் பார்த்ததைத்தான் வைத்திருக்கிறார்கள்.

செப்டம்பர் முதல் டிசம்பர் வரை மழைக்காலம். அதில் அக்டோபரும் நவம்பரும் மிக மோசம். புயலும் அப்போதுதான் வரும். மண்சரிவில் சாலை அடைபடவும் கூடும். பாக் மா வட்டாரம் வியட்நாமிலேயே மிக அதிக மழை பெறும் இடங்களில் ஒன்று. இந்த மாதங்களில் திறந்த ஜீப்புக்கு முன்பணம் கட்ட வேண்டாம். கட்டத்தான் வேண்டும் என்றால் சாலை மூடினால் முழுப் பணமும் திரும்பும் என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். ஜனவரியில் மழை குறையும், ஆனால் உச்சியில் மூடுபனி இருக்கும். பிப்ரவரி பிற்பாதியிலிருந்து ஏப்ரல் முடிய நல்ல காலம், மார்ச்சும் ஏப்ரலும் மிக நல்லவை. மே முதல் ஆகஸ்ட் வரை வானம் தெளிவாக இருந்தாலும் வெயில் கடுமை. லாவோஸ் பக்கமிருந்து மலை தாண்டி வரும் வறண்ட மேற்குக் காற்று ஹுவே பக்கத்துச் சமவெளியைச் சுட்டெடுக்கும். அந்த மாதங்களில் விடியற்காலை கிளம்பி, பத்து மணிக்குள் கணவாயை முடித்துவிடுவதே வழி.

கிளம்பும் நாளன்று தொலைபேசியில் வானிலை பார்ப்பதோடு நிறுத்தாதீர்கள். டா நாங் வளைகுடாக் கரைச் சாலையில் நின்று வடக்கே பாருங்கள். மலைமுகட்டில் தொப்பி போட்டதுபோல் மேகம் உட்கார்ந்திருந்தால் உச்சியில் பத்தடிக்கு அப்பால் எதுவும் தெரியாது. வறண்ட மாதமாக இருந்தால் இரண்டு மூன்று மணி நேரத்தில் கலைந்துவிடும், காத்திருக்கலாம். குளிர்காலத்தில் அது நாள் முழுவதும் அசையாமல் இருப்பதும் உண்டு. அப்படிப்பட்ட நாளில் பாதி ஏற்றம் வரை போய் டா நாங் வளைகுடாவைப் பார்த்துவிட்டு, உச்சியில் நேரம் கழிக்காமல் வடக்கு அடிவாரத்து லாங் கோ ஊர்ப் பக்கம் இறங்கிவிட வேண்டும். மேகத்துக்குக் கீழே காட்சி இருக்கும்.

இப்போது வண்டி. இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் பலர் நிறத்தைப் பார்த்து வண்டியைத் தேர்ந்தெடுக்கிறார்கள். இங்கே ஓடுபவற்றில் பல, அமெரிக்க ராணுவம் வியட்நாமில் விட்டுப்போன எம்-151 வகை. முகப்புக் கம்பியிடுக்குகள் கிடைமட்டமாக இருந்தால் அது எம்-151. செங்குத்தாக இருந்தால் அதற்கு முந்தைய வில்லிஸ் வகை. எம்-151இல் 2.3 லிட்டர் அளவில் நான்கு சிலிண்டர் பெட்ரோல் இஞ்சின், நான்கு கியர், நான்கு சக்கரத்திலும் டிரம் பிரேக். அரை நூற்றாண்டு ஓடிய வண்டிகள் என்பதால் சிலவற்றில் இஞ்சினே மாற்றப்பட்டிருக்கும். அதில் தவறில்லை. கவனிக்க வேண்டியவை பின்சக்கர அமைப்பும் பிரேக்கும்.

எம்-151இன் முதல் வகைகளில் பின்சக்கரங்கள் ஊசலாடும் அச்சில் தனித்தனியாக இயங்கும். வளைவில் வேகமாகத் திரும்பினால் வெளிப்பக்கச் சக்கரம் வண்டிக்கு அடியில் மடங்கப் பார்க்கும். வண்டி பின்பக்கம் எழும்பிக் கவிழும். அமெரிக்க ராணுவத்திலேயே இப்படிப் பல விபத்துகள் நடந்த பிறகுதான், 1970இல் வந்த ஏ2 வகையில் பின் அமைப்பை மாற்றினார்கள். உங்களுக்கு எந்த வகை வரும் என்று முன்கூட்டித் தெரிவது கடினம். அதனால் எந்த வகையாக இருந்தாலும் வளைவில் 25 முதல் 30 கி.மீ. வேகத்துக்கு மேல் போகாத ஓட்டுநர் வேண்டும். தலைக்கு மேல் கவிழ்தடுப்புக் கம்பி பொருத்தியிருக்கிறார்களா, பின் இருக்கையிலும் பெல்ட் இருக்கிறதா என்று கேளுங்கள். அன்றைய வண்டியில் இவை கிடையாது, பிறகு பொருத்தியதுதான். பொருத்தியவர் வண்டியை அக்கறையாக வைத்திருக்கிறார் என்று எடுத்துக்கொள்ளலாம்.

பிரேக் விஷயம் இறக்கத்தில் வரும். உச்சியிலிருந்து அடிவாரம் வரை ஏறக்குறைய 10 கி.மீ., சராசரியாக 100 மீட்டருக்கு 5 மீட்டர் இறக்கம், சில வளைவுகளில் அதைவிடச் செங்குத்து. பிரேக்கை மட்டும் நம்பி இறங்கினால் டிரம் சூடாகி விரியும், உள்ளே இருக்கும் லைனிங்கின் பிடிப்புக் குறையும், பெடல் கீழே கீழே போகும். சரியான ஓட்டுநர் உச்சியிலேயே இரண்டாம் கியருக்கு மாற்றி, இஞ்சினின் இழுவையிலேயே இறக்குவார். பிரேக்கை விட்டு விட்டுத் தொடுவார். இறக்கத்தில் வண்டியை நியூட்ரலில் விட்டு ஓட்டுவதைக் கண்டால் உடனே நிறுத்தச் சொல்லுங்கள். பெட்ரோல் மிச்சம் பிடிக்கும் இந்தப் பழக்கம் உயிருக்கு ஆபத்து. கருகிய வாசனை வந்தாலும் அகலமான ஓரத்தில் நிறுத்தி, கால் மணி நேரமாவது ஆறவிட வேண்டும். சூடான டிரம்மில் தண்ணீர் ஊற்றக் கூடாது, இரும்பு விரிசல் விடும்.

ஏற்றத்தில் வரும் தொல்லை வேறு. வெயில் நாளில் ரேடியேட்டர் கொதிப்பதும், இஞ்சின் சூட்டில் குழாயிலேயே பெட்ரோல் ஆவியாகி வண்டி இருமி இருமி நிற்பதும் பழைய கார்புரேட்டர் வண்டிகளுக்கு இயல்பு. பானட்டைத் திறந்து வைத்து இருபது நிமிடம் நின்றால் தானாகச் சரியாகிவிடும். சூடு தணியாமல் ரேடியேட்டர் மூடியைத் திறக்க மட்டும் யாரும் முனையக் கூடாது. வண்டி முழுதாகப் படுத்துவிட்டால் மாற்று வண்டி எவ்வளவு நேரத்தில் வரும் என்பதை முன்பே கேட்டு வையுங்கள். டா நாங்கில் வண்டி வைத்திருப்பவருக்கு ஒரு மணி நேரம் போதும்.

உங்கள் நால்வர் கணக்குக்கு வருவோம். எம்-151இல் ஓட்டுநரையும் சேர்த்து நான்கு பேருக்குத்தான் இடம்: முன்னே இருவர், பின்னே இருவர். நீங்கள் நால்வர், ஓட்டுநர், தனி வழிகாட்டி என்றால் ஆறு பேர். ஒரே வண்டியில் அடங்காது. பின்பக்கம் இரண்டு ஓரமும் பலகை போட்டு நான்கு பேரை ஏற்றுவார்கள். பக்கவாட்டில் பார்த்து உட்கார்ந்து வளைவுகளில் ஏறினால் பிள்ளைகளுக்கு வாந்தி நிச்சயம், பெல்ட்டும் இருக்காது. இரண்டு வண்டியாக எடுப்பதே சரி: ஒன்றில் வழிகாட்டியே ஓட்டட்டும், மற்றதில் ஓட்டுநர் மட்டும். பிள்ளைகளைப் பின் இருக்கையில், பெரியவர் ஒருவரோடு ஒருவராகப் பிரித்து உட்கார வையுங்கள். வியட்நாமின் 2024 சாலைப் பாதுகாப்புச் சட்டமும், 10 வயதுக்கும் 1.35 மீட்டர் உயரத்துக்கும் குறைந்த பிள்ளைகள் ஓட்டுநர் வரிசையில் உட்காரக் கூடாது என்கிறது. செலவு கூடும்தான். இரண்டு வண்டி கட்டுப்படியாகாது என்றால் ஜீப்பை விட்டுவிட்டுக் காரில் போங்கள். சாலை அதே சாலை, கடல் அதே கடல்.

வெளிநாட்டவரை அழைத்துப் போகும் வழிகாட்டியிடம் அரசு தந்த அட்டை இருக்க வேண்டும், கேட்டால் காட்டுவார். ஓட்டுநரே வழிகாட்டி என்று சொன்னால் அவருக்கு ஆங்கிலம் எந்த அளவுக்கு வரும் என்று ஒருமுறை தொலைபேசியில் பேசிப் பார்த்துவிடுங்கள். ஓடும் ஜீப்பில் காற்றும் இஞ்சினும் போடும் சத்தத்தில் எதுவும் காதில் விழாது. விளக்கமெல்லாம் நின்ற இடங்களில்தான்.

உச்சியில் இருக்கும் கல் வாயிலுக்கு அரை மணி நேரத்துக்குக் குறையாமல் ஒதுக்குங்கள். ஹாய் வான் குவான் என்ற இந்தக் காவல் வாயிலை மன்னர் மின் மாங் 1826இல் கட்டினார். ஹுவே பக்க வாயிலில் அதன் பெயரும், தெற்குப் பக்க வாயிலில் ‘வானத்தின் கீழ் முதன்மையான காவல் வாயில்’ என்ற பொருள் தரும் சீன எழுத்துகளும் பொறித்திருக்கின்றன. அந்தப் புகழுரை பதினைந்தாம் நூற்றாண்டு மன்னர் லே தான் தோங் சொன்னதாக வழங்குகிறது. சுற்றிலும் இருக்கும் கான்கிரீட் காவலரண்கள் பிரெஞ்சு, அமெரிக்கப் படைகள் விட்டுச் சென்றவை. பல ஆண்டு சீரமைப்புக்குப் பிறகு 2024 ஆகஸ்டில் வாயில் மறுபடி திறக்கப்பட்டது. படிகள் செங்குத்து, ஈரமான நாளில் வழுக்கும்.

தமிழ் வாசகருக்கு இந்த இடத்தில் இன்னொரு ஈர்ப்பும் உண்டு. இந்த மலைக்கு இரு புறமும் ஒரு காலத்தில் சிவனை வழிபட்ட சம்பா நாடு. 1306இல் சம்பா மன்னர் ஜெய சிம்மவர்மன், வியட்நாம் இளவரசி ஹுயென் த்ரானை மணக்கக் கொடுத்த சீர் இரண்டு மாவட்டங்கள், அதாவது மலைக்கு வடக்கே இன்றைய ஹுவே வட்டாரத்தையும் சேர்த்த நிலம். அதன் பிறகு நெடுங்காலம் இந்த முகடே ஏறக்குறைய இரு நாட்டின் எல்லை. டா நாங்கில் ஒரு மணி நேரம் கிடைத்தால், பயணத்துக்கு முந்தைய நாள் சம்பா சிற்ப அருங்காட்சியகத்தைப் பார்த்துவிடுங்கள். இலிங்கங்களையும் ஆடற்சிற்பங்களையும் பார்த்துவிட்டு உச்சியில் நின்றால் அந்த எல்லைக்கோடு வேறு மாதிரித் தெரியும்.

ஏறும்போது டா நாங் வளைகுடாவும் சோன் ட்ரா தீபகற்பமும் தெரியும் வளைவுகளில் இரண்டு நிறுத்தம் போதும். கீழே கடலை ஒட்டி ஓடும் ரயில்பாதை 1906இல் பிரெஞ்சுக்காரர் காலத்தில் முடிந்தது. ரயில் நேரத்தை ஓட்டுநர்கள் அறிவார்கள்; குகையிலிருந்து ரயில் வெளிவரும் தருணத்துக்காகக் கால் மணி நேரம் காத்திருப்பது வீண் போகாது. உச்சி தாண்டி வடக்கே இறங்கும்போதுதான் பயணத்தின் சிறந்த காட்சி: ஒரு பக்கம் கடல், மறுபக்கம் லாப் ஆன் காயல், நடுவில் நாக்குபோல் நீண்ட மணல்திட்டில் லாங் கோ ஊர். காலை வெயில் கிழக்கிலிருந்து பக்கவாட்டில் விழும்போது காயலின் நிறம் தனியாகத் தெரியும். பிற்பகலில் சூரியன் காயலுக்குப் பின்னால் போய்விடுவதால் படம் வெளிறும்.

லாங் கோவில் சாப்பிட்டுவிட்டு ஹுவேக்கு இன்னும் சுமார் 65 கி.மீ. இந்தப் பகுதியில் ஃபூ யா, ஃபுவோக் துவோங் என்று இரண்டு சிறு கணவாய்கள். நெடுஞ்சாலை அவற்றைச் சுரங்கத்தில் கடக்கிறது. ஜீப் பழைய மலைச்சாலையில் ஏற வேண்டும் என்று முன்பே சொல்லி வையுங்கள், இல்லாவிட்டால் நேரம் மிச்சம் என்று சுரங்கத்தில் நுழைந்துவிடுவார்கள். யானை ஊற்று எனப்படும் பாறைச் சுனையைக் கோடையில் பிள்ளைகள் இருந்தால் சேர்த்துக்கொள்ளலாம். மழை மாதங்களில் வேண்டாம். மலையில் மழை பெய்தால் நீர் திடீரென்று பெருகும்.

உடை, பொருள் பற்றிச் சுருக்கமாக: கித்தான் கூரை வெயிலை ஓரளவு மறைக்கும், பக்கத்திலிருந்து வரும் மழையை மறைக்காது. ஆளுக்கு ஒரு மழையங்கி, கழுத்துக் கயிறுள்ள தொப்பி, முழுக்கை மெல்லிய சட்டை, தலைக்கு ஒரு லிட்டர் தண்ணீர். தொப்பிக்குக் கயிறு இல்லையென்றால் முதல் வளைவிலேயே பறந்துவிடும். குளிர்காலத்தில் உச்சிக்குக் காற்றுத் தாங்கும் மேலங்கி ஒன்று. வாந்தி வரும் பிள்ளைகளுக்கு மாத்திரையை ஏற்றம் தொடங்கியபின் கொடுத்துப் பயனில்லை. அரை மணி நேரத்துக்கு முன்பே கொடுக்க வேண்டும். பெரிய பெட்டிகளுக்கு ஜீப்பில் இடம் கிடையாது. அவற்றைச் சுரங்கம் வழியாகக் காரில் அனுப்பி ஹுவே விடுதியில் சேர்ப்பது கட்டணத்துக்குள் அடக்கமா என்று கேளுங்கள். கடவுச்சீட்டையும் பணத்தையும் அந்தப் பெட்டிகளில் வைக்க வேண்டாம்.

சிலர் வழிகாட்டி எதற்கு, நாமே ஓட்டலாம் என்று நினைப்பார்கள். 1968 வியன்னா சாலைப் போக்குவரத்து ஒப்பந்தப்படி வழங்கப்பட்ட சர்வதேச ஓட்டுநர் அனுமதியைத்தான் வியட்நாம் ஏற்கிறது. 1949 ஜெனீவா ஒப்பந்தப்படி வழங்கப்படும் அனுமதிச் சீட்டு அங்கே செல்லாது. விபத்து நேர்ந்தால் காப்பீடும் கிடைக்காது. கையில் இருக்கும் சீட்டின் அட்டையிலேயே ஆண்டு அச்சிட்டிருக்கும்.

கட்டணத்தை வியட்நாம் பணமான டோங்கில் பேசி முடித்து, பெட்ரோல், நுழைவுக் கட்டணம், சாப்பாடு மூன்றும் அதில் சேர்ந்ததா என்று குறுஞ்செய்தியில் உறுதி வாங்குங்கள். ஹுவேயில் விட்டுவிட்டு வண்டி காலியாகத் திரும்ப வேண்டியிருப்பதால் ஒருவழிப் பயணம் பாதி விலைக்கு வராது. அதைப் பேரம் பேசிப் பிடிவாதம் பிடிக்க வேண்டாம். முடிவில் ஓட்டுநருக்கு அன்பளிப்புக் கொடுக்கும்போது நோட்டை வெளிச்சத்தில் பார்த்துக் கொடுங்கள். 20,000 டோங் நோட்டும் 500,000 டோங் நோட்டும் இரண்டுமே நீலச்சாயல், மங்கிய வெளிச்சத்தில் மாறிப்போகும்.